மருந்துத் தேடலுக்கான சேர்ம நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் வேதியியல், உயிரியல் படிக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும், முதன்முறையாக ஸ்க்ரீனிங் தொடங்கப்போகும் சிறிய ஆய்வகங்களுக்கும். சேர்மங்களை வாங்கிக் குவித்துவிட்டு, பிறகு "ஒன்றுமே தேறவில்லையே" என்று கவலைப்படுவதைவிட, வாங்கும் முன்பே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சேர்ம நூலகம் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு நோய்க்குக் காரணமான புரதத்தையோ கிருமியையோ தடுக்கக்கூடிய மூலக்கூறைத் தேடுகிறோம் என்று வையுங்கள். ஒரே சோதனையை ஆயிரக்கணக்கான சேர்மங்கள்மீது வரிசையாகச் செய்து பார்ப்பதுதான் ஸ்க்ரீனிங். அதற்காகச் சேகரித்து, கரைத்து, எண்ணிட்டு, குளிரில் பாதுகாத்து வைத்திருக்கும் தொகுப்பே நூலகம். பெரிய மருந்து நிறுவனங்களிடம் பத்து லட்சம், இருபது லட்சம் என்ற கணக்கில் சேர்மங்கள் இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் சில ஆயிரம் இருந்தாலே பெரிய விஷயம்.

சோதனையில் எதிர்பார்த்த விளைவைக் காட்டும் சேர்மத்துக்கு ஹிட் என்று பெயர். ஹிட் கிடைத்தால் மருந்து கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதை வைத்து வேதியியலாளர்கள் பல வருடம் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆனால் ஹிட் இல்லாமல் அந்த வேலை தொடங்கவே தொடங்காது.

இருக்கிற எல்லாச் சேர்மங்களையும் சோதித்துவிட்டால் என்ன?

முடியாது. மருந்தாகும் அளவிலான சிறிய மூலக்கூறுகள் எத்தனை வகையில் சாத்தியம் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு, 1 போட்டு அதன் பின்னால் 60 சுழியங்கள். இது மதிப்பீடுதான், யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்த ஒன்றும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ழான்-லூயி ரேமோனின் குழு, ஹைட்ரஜனைத் தவிர்த்து அதிகபட்சம் 17 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைக் கணினியில் ஒவ்வொன்றாக உருவாக்கிப் பட்டியலிட்டது. 2012-இல் வெளியான அந்தப் பட்டியலில் 16,640 கோடி மூலக்கூறுகள் இருந்தன. பெரும்பாலான மருந்துகள் 17 அணுக்களைவிடப் பெரியவை. அப்படியென்றால் மீதி எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனவே எந்த நூலகமாக இருந்தாலும் அது ஒரு சின்ன மாதிரிதான். எந்த மாதிரியை எடுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

பல்வகைத்தன்மை ஏன் இவ்வளவு முக்கியம்?

அமைப்பில் ஒன்றுபோல் இருக்கும் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே வேலை செய்யும். துறையின் அடிப்படை நம்பிக்கை இதுதான். இது சரியென்றால், ஒரே மாதிரியான 500 சேர்மங்களைச் சோதிப்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வியை 500 முறை கேட்பதற்குச் சமம். அந்த 500 இடங்களில் 500 வேறு அமைப்புகளை வைத்தால் தேடல் விரிவடையும்.

ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் ஆபட் நிறுவனத்தில் இவான் மார்ட்டினும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செயல்படும் ஒரு சேர்மத்தோடு 0.85-க்கு மேல் ஒற்றுமை உள்ளவற்றை எடுத்தால் (1 என்றால் முழு ஒற்றுமை), அவற்றில் 30 சதவீதம்தான் செயல்பட்டன. அதற்கு முன்பு பலரும் இதைவிட மிக அதிகமாக எதிர்பார்த்திருந்தார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. ஒரு குடும்பத்திலிருந்து ஒரே ஒரு சேர்மத்தை எடுத்து, அது செயல்படவில்லை என்றதும் அந்தக் குடும்பத்தையே தள்ளிவிடக் கூடாது. இதைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

ஒற்றுமையை எண்ணாக எப்படிச் சொல்கிறார்கள்?

முதலில் ஒவ்வொரு மூலக்கூறையும் ஃபிங்கர்பிரிண்ட் எனப்படும் 0, 1 வரிசையாக மாற்றுவார்கள். 'இந்த இடத்தில் பென்சீன் வளையம் உண்டா', 'நைட்ரஜனுக்குப் பக்கத்தில் கார்பனைல் உண்டா' என்பது போன்ற கேள்விகளுக்கு உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. மேக்ஸ் கீஸ் முறையில் இப்படி 166 கேள்விகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இப்போது அதிகம் புழங்கும் மார்கன் வகை ஃபிங்கர்பிரிண்டில் முன்கூட்டிய பட்டியல் கிடையாது. ஒவ்வொரு அணுவையும் மையமாக வைத்து, அதைச் சுற்றி ஒரு பிணைப்பு, இரண்டு பிணைப்பு தூரம்வரை என்ன இருக்கிறது என்று நிரலே பதிவு செய்துகொள்ளும்.

பிறகு டானிமோட்டோ கணக்கு. முதல் மூலக்கூறில் 40 இடங்களில் 1, இரண்டாவதில் 50 இடங்களில் 1, இரண்டுக்கும் பொதுவாக 30 என்று வைத்துக்கொள்வோம். பொதுவானதை மொத்தத்தால் வகுக்க வேண்டும். மொத்தம் என்பது 40 + 50 − 30, அதாவது 60. விடை 0.5. அவ்வளவுதான். லட்சக்கணக்கான சேர்மங்களை ஒப்பிடும் மென்பொருள்களும் உள்ளே செய்வது இந்த வகுத்தலைத்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். மேக்ஸ் கீஸில் 0.85 என்பதும் மார்கனில் 0.85 என்பதும் ஒன்றல்ல. ஒரே ஜோடிக்கு மார்கனில் மதிப்பு பொதுவாகக் குறைவாகவே வரும். எந்த ஃபிங்கர்பிரிண்ட் என்று சொல்லாமல் "எங்கள் நூலகத்தின் சராசரி ஒற்றுமை 0.3" என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வழிகாட்டியாக நம்பலாம், தீர்ப்பாக நம்பக் கூடாது. ஆக்ஸிமார்ஃபோனையும் நலாக்ஸோனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே எலும்புக்கூடு. நைட்ரஜன்மீது ஒன்றில் மெத்தில், மற்றதில் அலைல். வித்தியாசம் அது மட்டும்தான். ஆனால் ஆக்ஸிமார்ஃபோன் வலுவான வலிநிவாரணி. ஓபியாய்டு அதிகமாகி மூச்சு நின்றுபோகும் நிலையில் இருப்பவரை மீட்கக் கொடுப்பது நலாக்ஸோன். ஒன்று ஏற்பியை முடுக்குகிறது, இன்னொன்று அதே ஏற்பியை அடைக்கிறது. எந்த ஃபிங்கர்பிரிண்டைப் போட்டாலும் இந்த இரண்டும் நெருங்கிய உறவு என்றுதான் சொல்லும்.

சரி, லட்சம் சேர்மங்களிலிருந்து ஐயாயிரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன.

மேக்ஸ்மின் என்ற முறையில், முதலில் ஏதாவது ஒரு சேர்மத்தை எடுக்கிறோம். அடுத்ததாக, அதிலிருந்து மிகவும் விலகி இருப்பதை எடுக்கிறோம். மூன்றாவதாக, ஏற்கெனவே எடுத்த இரண்டில் எது அருகில் இருக்கிறதோ அதிலிருந்து அதிகத் தூரம் தள்ளி இருப்பதை எடுக்கிறோம். இப்படியே ஐயாயிரம் வரும்வரை போக வேண்டும். ஆர்டிகிட் என்ற இலவச மென்பொருளில் சில வரி நிரலிலேயே இதைச் செய்துவிடலாம்.

இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தூரத்தில் இருப்பதையே தேடுவதால் விநோதமானவற்றை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு வரும். நீளமான கொழுப்புச் சங்கிலி, உலோகம் ஒட்டிய சாயம், எட்டு புளோரின் தொங்கும் ஏதோ ஒன்று என்று பட்டியலின் தலைப்பகுதி நிறைந்துவிடும். ஆகவே மேக்ஸ்மினுக்கு முன்னால் வடிகட்டல் கட்டாயம். வடிகட்டாமல் ஓட்டினால் வேதியியலாளர் யாரும் தொடவிரும்பாத நூலகம்தான் கிடைக்கும்.

இன்னொரு வழி குழுக்களாகப் பிரிப்பது. டார்கோ புட்டினா 1999-இல் எழுதிய முறை இன்றும் ஓடுகிறது. குறிப்பிட்ட ஒற்றுமைக்கு மேல் அதிக அண்டைகள் உள்ள சேர்மம் ஒரு குழுவின் மையமாகிறது. அதன் அண்டைகள் அந்தக் குழுவில் சேர்ந்து பட்டியலிலிருந்து விலகுகின்றன. மீதியிருப்பதில் அடுத்த மையம். கடைசியில் யாரோடும் சேராத தனிச் சேர்மங்கள் எஞ்சும். குழுக்கள் கையில் வந்தபின் ஒவ்வொன்றிலிருந்தும் சிலவற்றை எடுக்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். வேதியியலாளர் குழுக்களைத் திரையில் பார்த்து, "இது வேண்டும், இது வேண்டாம்" என்று காரணத்தோடு சொல்ல முடிகிறது.

ஒரு குழுவுக்கு எத்தனை சேர்மங்கள்?

ஒன்று போதாது. மேலே சொன்ன 30 சதவீதத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு குடும்பம் உண்மையிலேயே செயல்படும் குடும்பம் என்றாலும், அதில் ஒன்றை மட்டும் சோதித்தால் அது தவறிப்போகும் வாய்ப்பு 70 சதவீதம். ஐந்தைச் சோதித்தால் ஐந்தும் தவறும் வாய்ப்பு 0.7-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 17 சதவீதம். பத்து என்றால் 3 சதவீதத்துக்கும் கீழே. இது எளிமையாக்கிய கணக்குதான், ஆனாலும் திசையைக் காட்டிவிடுகிறது.

இன்னொரு பலனும் உண்டு. ஒரே குடும்பத்தில் மூன்று ஹிட், இரண்டு செயல்படாதவை என்று வந்தால், எந்தப் பகுதி முக்கியம் என்று அன்றைக்கே ஒரு குறிப்பு கிடைத்துவிடுகிறது. தனியாக ஒரு ஹிட் வந்தால் அது உண்மையா பிழையா என்று சொல்வதற்கே கூடுதல் வேலை வேண்டும். பணம் குறைவாக இருந்தால் குடும்பங்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு மட்டும் இறங்க வேண்டாம்.

நூலகம் பெரிதாக இருந்தால் பல்வகை தானாக வந்துவிடாதா?

1990-களில் உலகமே அப்படித்தான் நம்பியது. அங்கேரியின் ஆர்பாட் ஃபுர்கா வகுத்த 'பிரித்துக் கலக்கும்' முறையும் அதைப்போன்ற காம்பினேடோரியல் முறைகளும் வந்தபிறகு சேர்மங்களை ஆயிரக்கணக்கில் தயாரிப்பது சுலபமாகிவிட்டது. 20 அமைன், 20 அமினோ அமிலம், 20 கார்பாக்சிலிக் அமிலம் எடுத்து எல்லா விதத்திலும் இணைத்தால் 20 × 20 × 20, அதாவது 8,000 சேர்மங்கள். எண் பெரிதுதான். ஆனால் அந்த 8,000-க்கும் நடுவில் இருப்பது அதே இரண்டு அமைடு பிணைப்புகள். ஓரங்கள்தான் மாறுகின்றன. புரதத்தின் பள்ளத்துக்கு அந்த நடுப்பகுதி பொருந்தவில்லை என்றால் எட்டாயிரமும் ஒன்றாகவே விழும்.

இயற்கைப் பொருள்களிலிருந்து வந்த மருந்துகளைக் கணக்கெடுத்துவந்த நியூமனும் கிராக்கும், 1981 முதல் 2010 வரை அங்கீகாரம் பெற்ற மருந்துகளை ஆராய்ந்தபோது, முழுக்கக் காம்பினேடோரியல் முறையில் பிறந்தது என்று சொல்லத்தக்க மருந்து ஒன்றைத்தான் கண்டார்கள். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2005-இல் வந்த சோராஃபெனிப்.

ஆகவே எலும்புக்கூடுகளை, அதாவது ஸ்கேஃபோல்டுகளை, தனியாக எண்ணுங்கள். பக்கக் கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டு, வளையங்களையும் அவற்றை இணைக்கும் சங்கிலிகளையும் மட்டும் வைத்துப் பார்க்கும் முறையைக் கை பெமிஸும் மார்க் முர்க்கோவும் 1996-இல் கொடுத்தார்கள். அன்றைக்கு அறியப்பட்ட 5,120 மருந்துச் சேர்மங்களை அவர்கள் இப்படிச் சுருக்கியபோது, வெறும் 32 சட்டகங்களில் பாதி மருந்துகள் அடங்கிவிட்டன. வேதியியலாளர்கள் பழகிய பாதையிலேயே எவ்வளவு நடக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. விற்பனையாளர் "எங்களிடம் ஐம்பதாயிரம் சேர்மம்" என்று சொன்னால், "எத்தனை ஸ்கேஃபோல்டு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

பல்வகையாகவும் பெரிதாகவும் இருந்த நூலகம் தோற்றதுண்டா?

உண்டு. இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் புதிய ஆன்டிபயாடிக் தேடி 1995 முதல் 2001 வரை 70 ஸ்க்ரீனிங் முயற்சிகளை நடத்தியது. அவற்றில் 67, பாக்டீரியா உயிர்வாழத் தேவையான தனித்தனி இலக்குகள்மீது. நூலகத்தில் இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல்வரை சேர்மங்கள். டேவிட் பெய்னும் சக ஆய்வாளர்களும் 2007-இல் முடிவுகளை வெளிப்படையாக எழுதினார்கள். மேற்கொண்டு வளர்க்கத்தக்க சேர்மங்கள் ஐந்து இலக்குகளுக்குத்தான் கிடைத்தன. அந்த நேர்மைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

என்ன காரணம்? அந்த நூலகம் மனிதப் புரதங்களுக்கான மருந்துகளை மனதில் வைத்துப் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. அந்த அளவுகோலில் அது நல்ல பல்வகை நூலகம்தான். ஆனால் பாக்டீரியா வேறு உலகம். குறிப்பாக, ஈ. கோலை போன்ற கிராம் நெகடிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் இருக்கும் போரின் என்ற குறுகலான வழியில் நுழைய வேண்டும். நுழைந்த பின்னும் வெளியேற்றும் பம்புகள் பிடித்துத் தள்ளிவிடும். கொழுப்புநாட்டம் அதிகமான, மனிதக் குடலைக் கடக்க வசதியான சேர்மங்கள் இங்கே உள்ளே போவதே இல்லை. சோதனைக் குழாயில் தனியாக வைத்த நொதியை அடைத்துவிடும், உயிருள்ள பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது.

இந்தக் கதைக்கு அப்புறம்தான் எனக்கு ஒன்று உறுதியானது. 'பல்வகை' என்பதைத் தனியாக அளக்க முடியாது. எதைத் தேடுகிறோம், மூலக்கூறு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த எல்லைக்குள் எவ்வளவு விரிவாக இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கேள்வியில்லாத பல்வகைக்கு மதிப்பில்லை.

அப்படியென்றால் பாக்டீரியாவுக்குத் தனி நூலகம் வடிவமைக்க முடியுமா?

முடியும். இலினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ரோதரின் குழு, நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் ஈ. கோலைக்குள் எவ்வளவு சேர்கின்றன என்று நேரடியாக அளந்து 2017-இல் வெளியிட்டது. உள்ளே சேர்பவற்றுக்குச் சில பொதுத்தன்மைகள் இருந்தன. நெருக்கடியில்லாத முதன்மை அமைன் இருக்க வேண்டும், உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும், சுழலும் பிணைப்புகள் குறைவாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு சுவையான முரண் இருக்கிறது. 2009-இல் ஃபிராங்க் லவரிங் குழு வெளியிட்ட பிரபலமான கட்டுரை நேரெதிராகச் சொன்னது. எஸ்பி3 கார்பன்களின் (நான்கு ஒற்றைப் பிணைப்புகளோடு, தட்டையாக இல்லாமல் இருப்பவை) பங்கு, ஆராய்ச்சி நிலையில் உள்ள சேர்மங்களில் சராசரி 0.36, மருந்தாகி வந்தவற்றில் 0.47. தட்டையான வளையங்களை விட்டு முப்பரிமாண அமைப்புகளுக்குப் போங்கள் என்பது அதன் அறிவுரை. இரண்டும் சரியே. ஒன்று மருந்தாக வளர்வதைப் பற்றியது, இன்னொன்று பாக்டீரியாவின் சவ்வைக் கடப்பதைப் பற்றியது.

வடிகட்டிகள் என்னென்ன?

முதலில் கிறிஸ்டோஃபர் லிப்பின்ஸ்கியின் ஐந்தின் விதி. ஃபைசர் நிறுவனத்திலிருந்து 1997-இல் வந்தது. மூலக்கூறு எடை 500-க்குள், லாக் பி (கொழுப்புநாட்டத்தின் அளவு) 5-க்குள், ஹைட்ரஜன் பிணைப்பு கொடுப்பவை 5-க்குள், வாங்குபவை 10-க்குள். இது வாய்வழியாக உட்கொள்ளும் மருந்து குடலில் உறிஞ்சப்படுமா என்பதற்கான கணிப்பு. ஆன்டிபயாடிக்குகளில் பலவும் இதற்கு விலக்கு என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. பலர் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

அடுத்தது பெய்ன்ஸ். ஜோனதன் பேயலும் ஜார்ஜினா ஹாலவேயும் மெல்பர்னில் இருந்து 2010-இல் வெளியிட்ட பட்டியல். எந்தச் சோதனையில் போட்டாலும் ஹிட்டாக வந்து ஏமாற்றும் 480 அமைப்புகள் அதில் உள்ளன. ரோடனின், கேட்டகால், குயினோன் போன்றவை. இவை சோதனையின் ஒளியை உறிஞ்சும், புரதத்தோடு கண்டபடி வினைபுரியும், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். புரதத்தின் பள்ளத்தில் முறையாகப் பொருந்தியதால் வந்த விளைவாக அது இருக்காது.

நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த உதாரணம் மஞ்சளில் இருக்கும் குர்குமின். புற்றுநோய், அல்சைமர், அழற்சி என்று எதில் சோதித்தாலும் ஏதோ ஒரு விளைவைக் காட்டும். குர்குமினைப் பற்றி இதுவரை வந்த வேதியியல் ஆய்வுகளை 2017-இல் ஒரு குழு முழுமையாக அலசியது. நிலையற்றது, உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது, பெய்ன்ஸ் நடத்தைகள் பலவும் ஒரே மூலக்கூறில் கூடியிருக்கின்றன, கட்டுப்பாடுகளுடன் முறையாக நடந்த மருத்துவப் பரிசோதனை எதிலும் வெற்றி இல்லை என்று முடித்தது. மஞ்சள் சமையலறையில் இருக்கட்டும். குர்குமினை உங்கள் நூலகத்தில் ஒரு சாதாரண உறுப்பினராக வைக்காதீர்கள். ஏமாற்றும் சேர்மம் எப்படி நடந்துகொள்ளும் என்று உங்கள் சோதனைக்குக் காட்ட ஒரு கட்டுப்பாட்டு மாதிரியாக வைத்துக்கொண்டால் பயன் உண்டு.

மூன்றாவது, திரளும் சேர்மங்கள். பிரையன் ஷாய்கெட்டின் ஆய்வகம் 2000-களின் தொடக்கத்தில் காட்டியது இது. சில சேர்மங்கள் நீரில் ஒன்றுசேர்ந்து நுண்திரள்களாகி, புரதத்தைத் தம்மேல் ஒட்டவைத்து முடக்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சோதனைக் கரைசலில் 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 சேருங்கள். சோப்புபோல அது திரளைக் கலைக்கும். அதோடு விளைவும் காணாமல் போனால், அந்த ஹிட் பெரும்பாலும் பொய்.

இப்படி வடிகட்டினால் நல்ல மருந்தும் போய்விடாதா?

போகும். பெனிசிலினின் பீட்டா-லாக்டம் வளையம் வினைபுரியக்கூடியது. அதனால்தான் அது வேலையே செய்கிறது. மலேரியாவுக்கான ஆர்டிமிசினினில் பெராக்சைடு பாலம் இருக்கிறது. காசநோய் மருந்துகளான டெலமானிட், பிரிட்டோமானிட் இரண்டிலும் நைட்ரோ தொகுதி உண்டு. வழக்கமான வடிகட்டிகள் இவற்றுக்கெல்லாம் எச்சரிக்கை கொடுக்கும்.

நான் பரிந்துரைப்பது இதுதான்: பெய்ன்ஸையும் வினைபுரியும் தொகுதிகளையும் பொது நூலகத்துக்கு வாங்கும்போது தவிருங்கள். ஆனால் ஏற்கெனவே கையில் இருப்பதை அழிக்காமல் அடையாளம் மட்டும் இட்டு வையுங்கள். காசநோய், ஒட்டுண்ணி போன்ற வேலைகளுக்கு நைட்ரோவைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள்.

ஃபிராக்மென்ட் நூலகம் மட்டும் ஏன் அவ்வளவு சிறியது?

ஃபிராக்மென்ட் என்பது வழக்கமான சேர்மத்தைவிடச் சிறிய மூலக்கூறுத் துண்டு. மூலக்கூறு சிறிதானால் சாத்தியங்களும் குறையும், ஆகவே சில ஆயிரத்திலேயே அந்தப் பரப்பை நன்றாக மூடிவிடலாம். எடை 300-க்குள் என்பது 2003-இல் ஆஸ்டெக்ஸ் நிறுவனம் முன்வைத்த மூன்றின் விதி. சிறிய துண்டு புரதத்தில் எங்காவது பொருந்திவிடும் வாய்ப்பு அதிகம், ஆனால் பலவீனமாகத்தான் பிடிக்கும். அதனால் என்.எம்.ஆர்., எக்ஸ்ரே படிகவியல் போன்ற நுட்பமான கருவிகள் தேவை. தோல் புற்றுநோய்க்கான வெமுராஃபெனிப் (2011), இரத்தப் புற்றுநோய்க்கான வெனெட்டோகிளாக்ஸ் (2016) இரண்டும் இப்படிச் சிறு துண்டுகளிலிருந்து வளர்ந்தவை. கருவி வசதி பக்கத்தில் இல்லை என்றால் இதில் இறங்க வேண்டாம்.

இயற்கைப் பொருள்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சோதித்துத்தான் முதல் ஸ்டாட்டினைக் கண்டார். செயற்கைச் சேர்மங்களில் அரிதான வளையச் சேர்க்கைகளும் கைரல் மையங்களும் இயற்கைப் பொருள்களில் நிறைந்திருக்கும். ஆனால் கச்சாச் சாற்றை அப்படியே பிளேட்டில் (பல குழிகள் கொண்ட சோதனைத் தட்டு) போட்டால், ஹிட் வந்தபின் அதில் எது செயல்பட்டது என்று பிரித்தெடுக்க மாதங்கள் ஆகும். டானின் போன்றவை பொய் ஹிட் கொடுக்கும். பகுதி பிரித்த சாறோ, தூய சேர்மமோ வைத்துக்கொள்வது நல்லது.

கோடிக்கணக்கில் சேர்மம் என்கிறார்களே, அது என்ன?

இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, டி.என்.ஏ. குறியிட்ட நூலகம். சிட்னி பிரென்னரும் ரிச்சர்டு லெர்னரும் 1992-இல் முன்வைத்த யோசனை. ஒவ்வொரு சேர்மத்தோடும் அதன் அடையாளமாக ஒரு டி.என்.ஏ. இழை ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் புரதத்தோடு கலந்து, ஒட்டியதை மட்டும் பிரித்து, இழையைப் படித்தால் பெயர் தெரிந்துவிடும். ஆனால் நீரில் நடக்கும், டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தாத வினைகளை மட்டுமே பயன்படுத்த முடியும். எனவே எண் கோடியானாலும் வேதியியல் குறுகியது. காம்பினேடோரியல் காலத்துப் பிரச்சினை இங்கேயும் உண்டு.

இன்னொன்று, இன்னும் தயாரிக்கப்படாத, கேட்டால் தயாரித்துத் தரும் சேர்மங்கள். உக்ரைனின் கீவ் நகரில் தொடங்கிய எனமீன் நிறுவனத்தின் பட்டியல் இதில் புகழ்பெற்றது. 2019-இல் ஷாய்கெட் உள்ளிட்டோர் இப்படிப்பட்ட 13.8 கோடி மூலக்கூறுகளைக் கணினியில் டோபமின் டி4 ஏற்பியில் பொருத்திப் பார்த்து, 549-ஐ மட்டும் தயாரித்துச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று 180 பிக்கோமோலார் அளவிலேயே வேலை செய்தது. ஏற்பியின் நல்ல படிக அமைப்பு கையில் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. அமைப்பே தெரியாத இலக்குக்கு இந்த வழி உதவாது.

பணமில்லாத ஆய்வகம் எங்கே தொடங்குவது?

மெடிசின்ஸ் ஃபார் மலேரியா வென்ச்சர் அமைப்பு செய்ததைப் பாருங்கள். செயின்ட் ஜூட் மருத்துவமனை, நோவார்ட்டிஸ், கிளாக்ஸோஸ்மித்கிளைன் மூவரும் மொத்தம் சுமார் 40 லட்சம் சேர்மங்களை மலேரியா ஒட்டுண்ணிமீது சோதித்ததில் 20,000 அளவில் ஹிட் கிடைத்து, பொதுவெளியில் வைக்கப்பட்டன. அவற்றிலிருந்து பல்வகையாகவும் விலைக்குக் கிடைப்பவையாகவும் பார்த்து 400-ஐத் தேர்ந்தெடுத்து 'மலேரியா பாக்ஸ்' என்று இலவசமாக உலகெங்கும் அனுப்பினார்கள். 200 மருந்தை ஒத்தவை, 200 ஆராய்ச்சிக் கருவியாகப் பயன்படக்கூடியவை. கைமாறாகக் கேட்டது, முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது மட்டும். மலேரியாவைத் தாண்டி வேறு ஒட்டுண்ணிகள், புற்றுநோய் செல்கள் என்று பலரும் சோதித்தார்கள். நன்றாகத் தேர்ந்த 400 எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இது. அதே வழியில் பேத்தோஜன் பாக்ஸும் பின்னர் வந்தது.

கணினி வேலைக்குச் செலவே இல்லை. ஆர்டிகிட் மென்பொருள், கெம்பில், பப்கெம், ஜிங்க் தரவுத்தளங்கள் எல்லாம் இலவசம். யார் எந்தச் சேர்மத்தை எதில் சோதித்தார்கள் என்று வாங்கும் முன்பே பார்த்துவிடலாம்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை?

சேர்மங்களை வழக்கமாக டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 10 மில்லிமோலாராகக் கரைத்து வைப்பார்கள். 384 குழி பிளேட்டில் ஓரத்து நான்கு பத்திகளைக் கட்டுப்பாடுகளுக்கு ஒதுக்கினால் 320 சேர்மங்களுக்கு இடம். 50 மைக்ரோலிட்டர் சோதனைக் கரைசலில் 50 நானோலிட்டர் விட்டால் சேர்மம் 10 மைக்ரோமோலார், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதம். செல்கள் இதைப் பொதுவாகத் தாங்கும்.

டி.எம்.எஸ்.ஓ. காற்றிலிருக்கும் ஈரத்தை வேகமாக இழுக்கும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பிளேட்டைத் திறந்து வைத்தால் சொல்லவே வேண்டாம். நீர் சேர்ந்தால் சேர்மம் படியும், அடுத்த முறை எடுக்கும்போது 10 மில்லிமோலார் என்று எழுதியிருக்கும் குழியில் அந்த அளவு இருக்காது. ஒரே பிளேட்டைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காமல், சிறு பிரதிகளாகப் பிரித்து வையுங்கள்.

தூய்மையை எல்.சி.எம்.எஸ். (கலவையைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) மூலம் பாருங்கள், ஆனால் அது எல்லாவற்றையும் காட்டாது. ரோஷ் நிறுவன ஆய்வாளர்கள் 2013-இல் எழுதியது இதற்கு நல்ல எச்சரிக்கை. தயாரிப்பின்போது தங்கிவிட்ட துத்தநாகம்தான் புரதத்தைத் தடுத்தது, சேர்மத்துக்கு அதில் பங்கே இல்லை. எனவே எந்த ஹிட்டையும் புதிதாக, முடிந்தால் வேறு வழியில், தயாரித்து மறுபடி சோதிக்காமல் நம்பாதீர்கள்.

எதிலுமே ஹிட் கொடுக்காத சேர்மங்களை நீக்கிவிடலாமா?

வேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளில் போட்டும் ஒருமுறைகூடச் செயல்படாத சேர்மங்களை நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் தங்கள் தொகுப்பிலும் பப்கெம்மிலும் தேடிப்பிடித்து 2015-இல் எழுதினார்கள். அவற்றைப் புதிய சோதனைகளில் போட்டபோது சில செயல்பட்டன. அதில் ஒன்று கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற ஆபத்தான பூஞ்சையைத் தடுத்தது. இத்தனை சோதனைகளில் சும்மா இருந்த சேர்மம் ஒரு இடத்தில் மட்டும் வேலை செய்கிறது என்றால், அது மற்றவற்றைத் தொந்தரவு செய்யாது என்பதற்கான சான்று ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. இடநெருக்கடி என்றால் அவற்றைத் தனிப் பிளேட்டுகளுக்கு மாற்றி, புதிய வகை இலக்கோ புதிய கிருமியோ வரும்போது மட்டும் வெளியே எடுங்கள்.